மூக்கு செத்தவர் வளர்த்த ரோஜா

பெயிண்டருக்கு மூக்கு இருந்தது, கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு. அதைத் தவிர அதனால் வேறு உபயோகம் கிடையாது. கார் பட்டறையில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்த புதிதில் மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மீசை முளைத்த திமிரில் அவர் கட்டவில்லை. பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் பளபளப்புக்கு அடிக்கும் லாக்கரும் வருஷக்கணக்கில் உள்ளே போய், மீசை நரைப்பதற்கு வெகுகாலம் முன்பே மூக்கு செத்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனி வராது என்று கைவிரித்தார். அன்றிலிருந்து சாக்கடையும் சென்ட்டும் அவருக்கு ஒன்றுதான். அதற்காக அவர் மனதை அலட்டிக்கொண்டதே இல்லை, வீட்டில் இன்னொரு மூக்கு இருந்ததால்.

அது அவர் மனைவியின் மூக்கு. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் தீய்ந்தால் இவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள். பாலை, காயை, இறைச்சியை எல்லாம் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் சமையலறைக்குள் விடுவாள். காஸ் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தபோது கம்பெனிக்காரனே கருவியை வைத்துத் தேட, இவள் விரலை நீட்டி இடத்தைக் காட்டினாள். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். அவங்களுக்கு நாய்ச் சாப்பாடு மிச்சமாகியிருக்கும்" என்பார் பெயிண்டர். மோப்பக்காரி என்றுதான் கூப்பிடுவார். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அந்தக் குடும்பத்துக்கே அந்த மூக்கு வாய்த்திருந்தது. அவள் தங்கை ஒரு ரொட்டி ஃபேக்டரியில் அடுப்பு மேடையில் வேலை செய்தாள். உள்ளே ரொட்டி வெந்துவிட்டதா இல்லையா என்பதை வெளியே நின்று வாசத்திலேயே சொல்லிவிடுவாள். மிஷின் மணி அடிப்பதற்கு முன்னால் இவள் கை கதவைத் திறந்துவிடும். அவளை எல்லோரும் சின்னவள் என்பார்கள். அக்கா வீட்டுக்கு வந்தால் வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவாள், உள்ளே வரமாட்டாள். கொழுந்தியாளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் என்பது பெயிண்டரின் எண்ணம்.

புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. குழந்தை குட்டி இல்லை, அந்தக் குறையையும் இருவரும் சேர்ந்தே விழுங்கிவிட்டார்கள். படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான் தகராறு. குளிரில் பல் கிட்டித்தாலும் அவளுக்கு அது திறந்திருக்க வேண்டும். அவர் எழுந்து சாத்துவார், அவள் எழுந்து திறப்பாள். "புழுக்கமா இருக்குங்க" என்பாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துவிடுவாள். "நான் பொண்டாட்டி முதுகைப் பாத்தே குடித்தனம் பண்ணவன்டா" என்று பட்டறையில் சொல்லி அவர் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார்.

எதையும் வேண்டும் என்று கேட்காதவள் ஒரு நாள் கேட்டாள்.

"ஒரு ரோஜாச்செடி வாங்கித் தாங்க. நல்லா வாசமா இருக்கிறதாப் பாத்து."

வீட்டின் பக்கவாட்டில், படுக்கையறை ஜன்னலுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் மண் இருந்தது. அதைத் தோட்டம் என்று சொன்னால் மற்ற தோட்டங்கள் கோபித்துக்கொள்ளும். இருந்தாலும் காலை வெயில் தாராளமாக விழும். இருவரும் நர்சரிக்குப் போனார்கள். அவள் வரிசை வரிசையாக ஒவ்வொரு பூவிலும் மூக்கை வைத்துக்கொண்டே நடந்தாள். உதடு பிதுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு ரோஸ் நிறப் பூவிடம் போய்க் கண்ணை மூடி நின்றவள் நின்றபடியே இருந்தாள். நர்சரிக்காரர் தொண்டையைச் செருமிப் பார்த்தார்.

"நல்ல செலக்ஷன்மா. ஹைப்ரிட் டீன்னு ஒரு ஜாதி. நீளமா ஒரு தண்டு, அதுல ஒரே பூ. அவ்வளவு வாசமும் அந்த ஒரு பூவுலதான்."

"டீயா? கொதிக்க வெச்சுக் குடிக்கலாமா?" என்றார் பெயிண்டர். நர்சரிக்காரர் அந்த ஜோக்கை ஏற்கெனவே பலமுறை கேட்டவர் போலச் செடிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு வாசம்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் யோசித்தாள். "இப்படி நின்னுக்கிட்டே சொல்ல வராது. நம்ம வீட்டுல பூக்கட்டும், உக்காந்து நிதானமாச் சொல்றேன்."

வாங்கி வந்தது சின்னச் செடி, இன்னும் பூக்காதது. நர்சரிக்காரர் சொன்னதை அவள் ஒரு வார்த்தை பிசகாமல் செய்தாள். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டாள். முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பிய காட்டுக்கொழுந்தை ஒடித்துப் போட்டாள். இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டாள். மொட்டு வந்தபோது அவள் அதைக் கிள்ளி எறிந்ததைப் பார்த்துப் பெயிண்டர் பதறிப்போனார்.

"என்ன பண்றே? இதுக்குத்தானே வாங்கினோம்?"

"முதல்ல வர்ற மொட்டுங்களை விடக்கூடாதாம். செடி பலப்படணும். அடுத்த தடவை விடலாம்."

அடுத்த தடவை என்று அவளுக்கு ஒன்று இல்லாமல் போனது. ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தாள். மாடியில் குடியிருந்த வாத்தியார்தான் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெயிண்டர் கையில் அப்பிய பிரைமர் பூச்சோடு ஓடி வந்தபோது அவளுக்கு இன்னும் மூச்சு இருந்தது. கட்டிலருகில் போய் நின்றவரை நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டு, கொஞ்சம் வெளியே நில்லுங்கள், இங்கே எல்லோரும் மூச்சுத் திணறலில் இருப்பவர்கள் என்றாள். ஆஸ்பத்திரிச் சட்டம் என்று அவர் வெளியே வந்து நின்றார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது மூச்சு நின்றிருந்தது.

வீட்டுக்கு மூக்கு போய்விட்டது. திரிந்த பாலில் டீ போட்டுக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். ஒருமுறை அடுப்பு அணைந்தது தெரியாமல் காஸைத் திறந்தபடி விட்டுவிட்டு, அதே அறையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். வாத்தியார் மாடியிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்து ஜன்னலை எல்லாம் திறந்தார். அதற்குப் பிறகு கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சற்றுநேரம் வாசலில் நின்ற பிறகே அடுப்புப் பற்ற வைப்பது என்று வழக்கம் செய்துகொண்டார். அப்படி நிற்கும்போதெல்லாம் செடி கண்ணில் படும். இன்னும் பூக்கவில்லை, அவளும் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாசம் எப்படி இருக்கும்? தானாகத் தெரிந்துகொள்ள அவருக்கு வழி இல்லை. ஆனால் அவள் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போன பாக்கியை யாராவது ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். அது என்னவென்றே தெரியாமல் மிச்ச நாளை ஓட்ட அவரால் முடியாது. அதற்குச் செடி பூத்தாக வேண்டும்.

செடியில் அசுவினிப் பூச்சி அடைந்தது. கொழுந்து முழுக்கப் பச்சைப் பச்சையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"சோப்புத் தண்ணிய இலைக்கு அடியில படற மாதிரி ஸ்பிரே பண்ணுங்க, போதும்."

ஸ்பிரே என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் உடம்பே நிமிர்ந்தது. நர்சரிக்காரர் எடுத்துக் காட்டிய பிளாஸ்டிக் புட்டியை ஏளனமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பட்டறையில் சும்மா கிடந்த பழைய கன்னையும் சின்ன கம்ப்ரசரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊரிலிருக்கும் கார்களுக்கெல்லாம் ஒரு சொட்டு வழியாமல் கோட்டிங் கொடுத்த கைக்கு ஒரு செடி எம்மாத்திரம்? காற்றைக் குறைத்து, கன்னின் முனையைச் சுருக்கி, பனி மாதிரி அடித்தார். ஒவ்வொரு இலையும் அடியும் மேலும் ஒரே சீராக நனைந்தது. அசுவினி இருந்த இடம் தெரியவில்லை.

கன்னைக் கையில் எடுத்தால் கை தானாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன்னால் தின்னர் விட்டு அலசுவது, அடித்த பிறகும் தின்னர் விட்டு அலசுவது. இல்லாவிட்டால் உள்ளே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அடிக்கும் கன்னுக்கு எதற்குத் தின்னர் என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்தால் அது கைப்பழக்கமே இல்லையே. அடித்து முடித்ததும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கினார். இலை ஓரம் அங்கங்கே கருகியது. வெயில் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு தண்டின் நுனியில் மூன்று மொட்டு வந்தது. பக்கத்து மொட்டுகளை அவள் கிள்ளியதுபோலவே கிள்ளினார். நடுமொட்டு மட்டும் பருத்து, நீண்டு, மெல்ல வாய் திறந்தது. வாழ்நாளெல்லாம் நிறம் கலந்தவர் அந்த நிறத்தைப் பார்த்து மலைத்து நின்றார். வெளியிதழில் லேசான ரோஸ், உள்ளே போகப் போக அடர்த்தி, எங்கே மாறுகிறது என்று கோடு தெரியவில்லை. எந்த டின்னிலும் இது வராது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முகத்தை அதற்குள் வைத்து இழுத்தார். இதழ் மூக்கில் ஜில்லென்று பட்டது. அவ்வளவுதான்.

வாத்தியாரைக் கூப்பிட்டார். கூப்பிடுவதற்கு முன்னால், டெலிவரி கொடுக்கிற வண்டியைக் கடைசியாக ஒரு தரம் பளபளப்பாக்குவதுபோல, கன்னால் ஒரு தூறல் கொடுத்து வைத்தார். பூவில் துளித்துளியாக நின்றது. வாத்தியார் குனிந்தார், சட்டென்று நிமிர்ந்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"பிரமாதம்."

"எப்படி பிரமாதம் சார்?"

"ரோஜாவுக்கு எப்படி இருக்கணுமோ அப்படி. பிரமாதம்."

வாத்தியாருக்கு எல்லாமே பிரமாதம். ஓட்டல் சாம்பாரும் பிரமாதம், மூட்டுவலித் தைலமும் பிரமாதம், மேலே ஒழுகும் கூரையைக்கூட வீட்டுக்காரரிடம் ஒருமுறை பிரமாதமாக ஒழுகுது என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பெயிண்டர் என்ன செய்வது? தெரிந்தவளைத்தான் கேட்க வேண்டும். அவள் மூக்கு இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒரு ஆளிடம்தான் மிச்சம் இருக்கிறது.

சின்னவள் அக்கா போன பிறகு வரவே இல்லை. போன் போட்டார்.

"பூ பூத்திருக்கும்மா. உங்க அக்கா வெச்ச செடி. நீ வந்து மோந்து பாத்துச் சொல்லணும்."

மறுமுனையில் மிஷின் சத்தம் கேட்டது. "பூ மோந்து பாக்கறதுக்கு லீவு குடுப்பாங்களா அத்தான்?"

"கேட்டுப் பாரேன். வாடிடப் போகுது."

அவர் குரலில் என்ன கேட்டதோ, "சரி, நாளைக்கு வரேன்" என்றாள்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டார். சோப்புத் தேயத் தேயக் குளித்து, மனைவி மடித்து வைத்துப்போன சட்டையில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கன்னை அலசி, தண்ணீர் நிரப்பி, பூவுக்கு ஒரு தூறல், இலைக்கு ஒரு தூறல். துணியால் ஒரு துடைப்பு. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பவர்போல நின்றார்.

சின்னவள் இளைத்திருந்தாள். முகம் அக்கா முகம், பேச்சுதான் வேறு. "செடி நல்லா வளந்திருக்கே" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். பெயிண்டர் அவள் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. நர்சரியில் அவள் அக்கா கண்ணை மூடியது மாதிரி இவளும் மூடுவாள் என்று காத்திருந்தார். அவள் மூக்கு விடைத்தது. தலை பின்னால் போனது. மறுபடியும் குனிந்து, இந்தத் தடவை இலைப் பக்கம் முகர்ந்தாள்.

"நல்லா இருக்கு அத்தான்."

"வாத்தியார் மாதிரி சொல்லாதம்மா. அவர் சொன்னதை வெச்சு நான் என்ன பண்றது? உள்ளதைச் சொல்லு. உனக்குத்தான் அவ மூக்கு."

அவள் தயங்கினாள். "தின்னர் அடிக்குது அத்தான்."

"பூவுலயா?"

"பூவுல, இலையில, எல்லாத்துலயும். பூ வாசமே மேல வரல."

பெயிண்டருக்கு அப்போதுதான் கன் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "அடச்சே, புத்தியைப் பாரு. கன்ல தின்னர் விட்டேன். மூக்கு இருக்கறவன் செய்வானா இதை? இரு, கழுவிடறேன். கழுவிட்டா போயிடும், நீ மறுபடி..."

"பரவால்ல அத்தான், விடுங்க. எனக்கு ஒண்ணும் புதுசில்ல. உங்க மேல எப்பவும் அடிக்கறதுதானே."

தண்ணீர் எடுக்கத் திரும்பியவர் நின்றார்.

"என் மேலயா? இன்னைக்கு நான் பட்டறைக்கே போகல. காலையில குளிச்சேனே."

 அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று சின்னவளுக்குப் புரிந்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"அக்கா உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு மூக்கு அதிகம், அதனாலதான் அத்தான். மத்தவங்களுக்கு அவ்வளவு தெரியாது" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

"எப்பலேருந்து?"

"விடுங்களேன்."

"எப்பலேருந்து, சொல்லு."

"கல்யாணத்துலேருந்தேதான். தோல்லயே ஊறிப்போச்சும்பா. எவ்வளவு குளிச்சாலும் வேர்த்தா வந்துடுமாம். முதல் வருஷம் எங்க வீட்டுக்கு வந்தப்ப அம்மாகிட்ட சொல்லி அழுதா. தலைவலியாலயே தூங்க முடியலன்னு. அம்மா சொன்னாங்க, பழகிடும்னு. அப்புறம் அவ சொல்றதை விட்டுட்டா. நாங்களும் பழகிடுச்சுன்னு நெனச்சோம்."

"பழகலையா?"

சின்னவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆரம்பித்துவிட்டதை இனி பாதியில் நிறுத்தினாலும் குற்றம்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். "இந்தச் செடி வாங்கின அன்னைக்குப் போன் பண்ணினா. அவ்வளவு சந்தோஷமாப் பேசினா. ஜன்னலுக்கு நேர் கீழ நட்டிருக்கேன்டீ, பூக்க ஆரம்பிச்சா இனிமே ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நல்லாத் தூங்குவேன்னு சொன்னா."

பெயிண்டர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். குளிரில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அந்த முதுகு கண்ணுக்கு நேராக வந்து நின்றது. பட்டறையில் அதைச் சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பும் வந்தது. கட்டிலருகிலிருந்து அவரை வெளியே அனுப்பிய நர்ஸ் வந்தாள். சட்டம் இல்லை, அவர் மேல் அடித்த வாடைதான். மனைவியின் கடைசி மூச்சு நேரத்தில்கூட அவர் அருகில் இருக்க லாயக்கில்லாதவராக இருந்திருக்கிறார். 

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "மோப்பக்காரி மோப்பக்காரின்னு நானே தினம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வேலைய விட்டிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள் சின்னவள். "அந்த வேலையில உங்க கைக்கு இருந்த பேரைப் பத்தி அவ எவ்வளவு பெருமையாப் பேசுவா தெரியுமா? தெருவுல ஒரு கார் பளபளன்னு போனா, இது எங்க வீட்டுக்காரர் அடிச்சதும்பா."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு அருகில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெயிண்டர் மெல்ல நகர்ந்து தள்ளி உட்கார்ந்தார். அவள் கவனித்தாள். போகும்போது, அடுத்த பூ வந்தால் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பூவை அவர் வெட்டி எறிந்தார். கன்னையும் கம்ப்ரசரையும் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கிடம், "டேய், நான் நாறுறேனாடா?" என்று கேட்டார். "நாறாம? நான் மட்டும் என்ன சென்ட் அடிக்கறேனா" என்று அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறைக்கப்பட்ட ரகசியமே இல்லை அது. அவருக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தி பாடுபட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் செடியைத் தொடவில்லை. செடியிலிருந்து தள்ளியே நின்று ரப்பர் குழாயால் வேருக்குத் தண்ணீர் விட்டார். காய்ந்த தண்டை வெட்டவும், பக்கத்து மொட்டைக் கிள்ளவும், புழுப் பிடிக்கவும் வாத்தியாரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள் என்று தூரத்திலிருந்து கைகாட்டுவார். வாத்தியார் முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டு, பிரமாதமான முள் என்பார். நடுவில் நல்ல மழை பெய்து இலையெல்லாம் கழுவிவிட்டது. கருகிய இலைகள் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுக்கொழுந்து வந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு மொட்டு வந்தது.

சின்னவள் இந்தத் தடவை லீவைப் பற்றிப் பேசவில்லை. அவள் வந்தபோது பெயிண்டர் வீட்டுக்குள் இல்லை. கேட்டுக்கு அருகில், செடிக்கு எவ்வளவு எட்ட நிற்க முடியுமோ அவ்வளவு எட்ட நின்றிருந்தார்.

"போய்ப் பாரும்மா" என்றார்.

அவள் போனாள். குனிவதற்கு முன்பே, இரண்டடி தள்ளியே வாசம் வந்து தொட, அவள் நடை தயங்கியது. பிறகு பூவுக்குள் முகத்தை வைத்தாள். கண் மூடிக்கொண்டது. பெயிண்டர் தன் மூச்சையே பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் நின்றாள், நின்றபடியே இருந்தாள். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிவது அங்கிருந்தே தெரிந்தது.

"எப்படி இருக்கு?"

"எலுமிச்சந்தோலைக் கிள்ளின மாதிரி முதல்ல வருது அத்தான். அப்புறம் தேன் மாதிரி. அதுக்கும் அடியில ஒண்ணு இருக்கு, மழை விட்டப்புறம் வருமே, அந்த மாதிரி."

அவர் தலையாட்டினார். எலுமிச்சை எப்படி இருக்கும், தேன் எப்படி இருக்கும், மழைக்கு வாசம் உண்டா, எதுவுமே அவருக்கு ஞாபகமில்லை. வார்த்தைகள்தான் வந்து சேர்ந்தன.

"அவளுக்குப் பிடிச்சிருக்குமா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கும்" என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "ஏன் அங்கயே நிக்கறீங்க? நீங்க வளத்த பூ. கிட்ட வந்து பாருங்க அத்தான்."

பெயிண்டர் ஒரு கையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். அவர் நின்ற பக்கத்திலிருந்துதான் அது செடியை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

"நீ இருந்து நல்லா மோந்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.